"போதுமான பாதுகாப்பு" என்று எழுதினால் அதை யார் அளப்பது?

நீண்ட கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு பெண் பொறியாளர். அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் வேலை செய்வது சிறிய நிறுவனம் ஒன்றில். வைஃபை பிளக், வீட்டுக் கேமரா, புளூடூத் பூட்டு போன்றவற்றைச் செய்து விற்கிறார்கள். அவற்றுக்குள் ஓடும் ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்தை இயக்கும் உள்மென்பொருளை, எழுதும் ஐந்து பேரில் இவரும் ஒருவர். இதே தொழிலில் இருக்கும் இன்னும் மூன்று சிறிய நிறுவனங்களோடு சேர்ந்து, "எங்கள் பொருள்கள் குறைந்தது இந்த அளவுக்காவது பாதுகாப்பானவை" என்று சொல்லிக்கொள்ள ஒரு பொதுத் தரம் எழுதலாம் என்று முடிவாகி, எழுதும் குழுவுக்கு இவரையே தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு முன் சொந்தச் சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போமே என்று, விற்பனைக்குப் போகவிருந்த இரண்டு கேமராக்களைப் பிரித்திருக்கிறார். சர்க்யூட் போர்டின் ஓரத்தில் வரிசையாக மூன்று செப்புப் புள்ளிகள். சீரியல் கேபிளை அங்கே தொட்டுவைத்து மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் கடவுச்சொல் எதுவும் கேட்காமலே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக உள்ளே விட்டுவிட்டது. இரண்டு கேமராக்களின் ஃபிளாஷ் நினைவகத்தையும் நகலெடுத்து ஒப்பிட்டால், வரிசை எண்ணும், நெட்வொர்க்கில் சாதனத்தை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் மட்டும்தான் வேறு. சர்வரோடு பேசும்போது "நான்தான் இந்தக் கேமரா" என்று நிரூபிக்கும் ரகசியச் சாவி, இரண்டிலும் பைட்டுக்குப் பைட் ஒன்றே.

மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது கிடைத்த பதில்: "நம்மிடம் வைஃபை சான்றிதழ் இருக்கிறது, ஃபர்ம்வேரை வெளியே யாருக்கும் தருவதில்லை, அப்புறம் என்ன?" இதற்கிடையே பெரிய நிறுவனம் ஒன்றும் குழுவில் சேர்ந்துகொண்டு, போனையும் சாதனத்தையும் முதல்முறை இணைப்பதற்கான தன் சொந்த முறையை "இலவசமாகவே தருகிறோம், தரத்தில் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறதாம். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். இவர் கேட்பது: தரத்தை முதலிலிருந்து எழுதுவதா, இருப்பதை எடுத்துக்கொள்வதா? கேமராவில் கண்ட ஓட்டையை மற்ற நிறுவனங்களிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் வேலை போகுமா? அந்த இலவசத்தை வாங்கலாமா? "இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்குத் தரம் எழுதித்தர எனக்கு என்ன தகுதி?" என்பதோடு கடிதம் முடிகிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போர்டைப் பிரித்து, கேபிள் தொட்டு, இரண்டு நகல்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர் குழுவில் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். நான் உட்கார்ந்த குழுக்கள் பலவற்றில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. எல்லோர் கையிலும் ஸ்லைடுதான் இருந்தது. தகுதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன.

வைஃபை சான்றிதழ் எதைக் காக்கும், எதைக் காக்காது

உங்கள் மேலாளர் சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் மனதிலும் அதுதான் இருக்கும். வயர்லெஸ் தரம் காப்பது சாதனத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள அந்தச் சில மீட்டர் காற்றை மட்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தபோது, எந்த வைஃபை குறியாக்கத்தையும் அது உடைக்கவில்லை. டெல்நெட் என்ற தொலைநுழைவுக் கதவைத் தட்டி, தொழிற்சாலையில் போட்ட பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அந்தப் படை தாக்கியதில் பெரிய பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. காற்றில் போன செய்தி பத்திரமாக இருந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அந்தக் காற்றையும்கூடச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டதால் மறந்துவிட முடியாது. 2017 அக்டோபரில் கிராக் தாக்குதல் வெளியானதே, அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவு அல்ல, டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்புத் தரத்திலேயே இருந்த ஓட்டை. சாதனமும் ரவுட்டரும் சாவியை ஒப்புக்கொள்ளும் நான்கு கட்டக் கைகுலுக்கலில் மூன்றாவது செய்தியைத் தாக்குபவர் திரும்ப அனுப்பினால், சாதனம் ஏற்கனவே போட்ட சாவியையே மறுபடி போட்டுக்கொண்டு, செய்திகளுக்குப் போடும் எண்ணிக்கையைப் பழையபடி தொடங்கிவிடும். இதில் உங்களுக்கு முக்கியமானது இன்னொரு சங்கதி. ஆண்ட்ராய்டு 6.0இல் சாவியே முழுக்கப் பூஜ்யமாகிவிட்டது. காரணம், சாவியைப் பொருத்திய பிறகு நினைவகத்திலிருந்து அதை அழித்துவிடலாம் என்ற பொருளில் தரத்தில் இருந்த ஒரு குறிப்பு. நல்ல எண்ணத்தில் எழுதிய குறிப்புதான். அதை நம்பி அழித்துவிட்டு, மறுபடி பொருத்தச் சொன்னபோது வெறும் பூஜ்யத்தைப் பொருத்தினார்கள். அந்தக் கைகுலுக்கல் பாதுகாப்பானது என்று கணிதமுறையில் நிரூபணமும் இருந்தது, அந்த நிரூபணம் இன்றைக்கும் தப்பில்லை. எந்தச் சாவியை எப்போது பொருத்த வேண்டும் என்பது மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

புளூடூத்தில் இன்னும் வேடிக்கை. சாவியின் வலிமையை இரண்டு சாதனங்களும் பேசி முடிவுசெய்துகொள்ளத் தரம் இடம் கொடுத்திருந்தது, ஒரு பைட் வரை இறங்கலாம் என்றும் விட்டிருந்தது. ஒரு பைட் என்றால் 256 வாய்ப்புகள், எண்ணிப் பார்த்தே திறந்துவிடலாம். 2019இல் நாப் என்ற பெயரில் இது வெளியானபோது மாட்டிக்கொண்டவை, தரத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த சாதனங்கள். அதனால் உங்கள் குழுவின் ஆவணத்தில் எங்கெல்லாம் "இரு தரப்பும் பேசி முடிவுசெய்யலாம்" என்று வருகிறதோ, அங்கெல்லாம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற எண் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

முதலில் அந்தச் சாவி

கேமராவில் நீங்கள் கண்டது இரண்டு வேறு வேறு குறைகள், ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்று செப்புப் புள்ளிகள் வழியாக உள்ளே போக ஒருவர் சாதனத்தைக் கையில் எடுத்துப் பிரிக்க வேண்டும். அது அடுத்த உற்பத்திக்குள் அடைத்தாக வேண்டிய வழிதான், ஆனால் வீடு பற்றி எரியவில்லை. எல்லாச் சாதனத்திலும் ஒரே சாவி என்பது அப்படி அல்ல. ஒருவர் ஒரு கேமராவைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துவிட்டால், தொடாமலே மற்ற எல்லாக் கேமராவின் பெயரிலும் சர்வரோடு பேசலாம். முதல் குறை இரண்டாவதற்கு ஏணி.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஜிக்பீ என்ற வயர்லெஸ் தரத்தில் விளக்குகள் எல்லாவற்றுக்கும் ரகசியமாக வைத்திருந்த ஒரே சாவி 2015இல் வெளியே கசிந்தது. ஜிக்பீயிலேயே வீட்டுச் சாதனங்களுக்கு இருந்த இன்னொரு பகிர்ந்த சாவி, பதினாறு எழுத்தில் அந்தக் கூட்டமைப்பின் சொந்தப் பெயரும் பின்னால் 09 என்ற எண்ணும்தான். ரகசியம் என்று அதை அழைக்கவே சங்கடமாக இருக்கிறது. 2016இல் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளை ஆராய்ந்த குழு, சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே ஃபர்ம்வேரைக் காத்த சாவியைக் கணக்கிட்டு எடுத்தது. அந்த வகை விளக்குகள் எல்லாவற்றிலும் சாவி ஒன்றாகவே இருந்ததால், தாங்கள் எழுதிய ஃபர்ம்வேரை அசல் மாதிரியே ஏற்ற அவர்களால் முடிந்தது, பறக்கும் ட்ரோனிலிருந்தும் செய்து காட்டினார்கள்.

புதிய உற்பத்திக்கு வழி தெளிவு: சாவி சிப்புக்குள்ளேயே பிறக்கட்டும், தொழிற்சாலையில், வெளியே காட்டக்கூடிய அதன் பொதுப் பாதிக்கு மட்டும் சான்று வழங்கட்டும். விற்றுப்போனவைதான் தலைவலி. அப்டேட் அனுப்பி ஒவ்வொன்றையும் புதுச் சாவி உண்டாக்கிக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் அந்தப் புதுச் சாவியைப் பதிவுசெய்ய வருவது நிஜக் கேமராதானா என்று எதை வைத்து நம்புவீர்கள்? எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்த பழைய சாவியை வைத்தா? அதைத் திருடியவரும் அதே வரிசையில் வந்து நிற்பாரே! அதனால் ஒரு வரிசை எண்ணுக்கு ஒரே ஒரு பதிவு, அதுவும் சொந்தக்காரர் தன் போன் செயலியில் ஒப்புக்கொண்ட பிறகு, இன்ன தேதியோடு பழைய சாவி செல்லாது என்று மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். அந்த அப்டேட்டுக்குக் கையொப்பமிடும் சாவி சாதனத்துக்குள் இருக்கவே கூடாது, சரிபார்க்கும் பொதுப் பாதி மட்டும் உள்ளே இருந்தால் போதும். ஹியூ விளக்கில் சறுக்கியது இந்த இடம்.

மற்ற நிறுவனங்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா? இப்போது வேண்டாம், சொல்லாமலிருப்பது துரோகமும் அல்ல. சரிசெய்யாத ஓட்டையின் விவரம் உங்கள் சொத்து அல்ல, நிறுவனத்தின் ரகசியம். வேலையில் சேரும்போது நீங்கள் போட்ட ஒப்பந்தம் பெரும்பாலும் அதைத்தான் சொல்லும். போட்டி நிறுவனத்திடம் நீங்களாகச் சொன்னால் சட்டம் உங்கள் பக்கம் நிற்பது சந்தேகம். ஆனால் "எல்லாச் சாதனத்துக்கும் ஒரே சாவி கூடாது" என்ற விதியை மேசையில் வைக்க எந்தத் தடையும் இல்லை. ஏன் வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் மேலே சொன்ன ஜிக்பீ கதையைச் சொல்லுங்கள்.

மேலாளரிடம் மட்டும் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். என்ன பார்த்தேன், எப்படிப் பார்த்தேன், யாருக்கு என்ன ஆகலாம், சரிசெய்ய எத்தனை நாள் பிடிக்கும் என்று நான்கு பத்தியில் மடல். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "ஃபர்ம்வேரைத் தருவதில்லை" என்ற வாதத்துக்கு அந்த மடலிலேயே பதில் இருக்கிறது, சாதனம் விற்கிறபோதே ஃபர்ம்வேரும் அதற்குள் போய்விடுகிறது, கேபிளோடு நீங்கள் உள்ளே போனதே அதற்குச் சாட்சி. குறியாக்க அறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் 1883லேயே எழுதியதுதான்: அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் குடிமுழுகக் கூடாது. நூற்று நாற்பது வருடம் தாண்டியும் ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது ஒருவருக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக எழுதாதீர்கள்

கடிதத்தில் "எங்களுக்கென்று தனித்துவமான ஒரு தரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசையைத்தான் கொஞ்சம் குறைக்கச் சொல்வேன். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான எட்ஸி 2020இல் வெளியிட்ட இஎன் 303 645 என்ற ஆவணம், நுகர்வோர் சாதனங்களுக்கான அடிப்படை விதிகளைப் பதின்மூன்று தலைப்புகளில் சொல்லிவிட்டது. இலவசமாகவே தரவிறக்கலாம். முதல் மூன்று தலைப்புகள்: எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான கடவுச்சொல் கூடாது, ஓட்டையைக் கண்டவர் தெரிவிக்க ஒரு வழி வேண்டும், மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டமாக நடத்துவதும் ஏறக்குறைய இந்த மூன்றைத்தான், மூன்றாவதை "எவ்வளவு காலம் புதுப்பிப்பீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்" என்று எளிதாக்கி. இந்த விதிகளை எப்படிச் சோதிப்பது என்பதற்கு டிஎஸ் 103 701 என்று தனி ஆவணமே இருக்கிறது. இவற்றைத் தள்ளிவிட்டு ஐந்து நிறுவனங்கள் உட்கார்ந்து புதிதாக எழுதினால், ஒன்றரை வருடம் கழித்து இதைவிட மோசமான ஒன்று கையில் இருக்கும், அதை வேறு எந்த நாடும் மதிக்காது.

அப்படியானால் உங்கள் குழுவுக்கு என்ன வேலை? நிறையவே இருக்கிறது. அந்த அடிப்படை ஆவணம் கேமராவுக்கும் பிளக்குக்கும் பொம்மைக்கும் சேர்த்து எழுதியது, அதனால் பல இடங்களில் "சூழலுக்கேற்ற", "தகுந்த காலத்துக்குள்" என்று விட்டுவிடுகிறது. அந்த இடைவெளிகளை உங்கள் நான்கைந்து வகைச் சாதனங்களுக்கு மட்டும் எண்ணால் நிரப்புங்கள். அவர்கள் உரையை வெட்டி ஒட்டாமல் விதி எண்ணைச் சுட்டிவிட்டு உங்கள் கூடுதல் வரியை எழுதுங்கள். பதிப்புரிமைச் சிக்கலும் வராது, அவர்கள் புதிய பதிப்பு போட்டாலும் உங்களுடையது பாழாகாது.

ஒரு உதாரணம். நான் இருந்த ஒரு குழுவில் "சாதனத்தின் இயல்புநிலைக் கடவுச்சொல் போதுமான அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும்" என்ற வரியில் "போதுமான" என்ற சொல்லுக்காக ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை. ஒருவர் "தகுந்த" என்றார், இன்னொருவர் "நியாயமான" என்றார். தேநீர் இரண்டு முறை வந்து போயிற்று. கடைசியில் மூலையில் இருந்த சோதனைக்கூடக்காரர், "எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள், என் மேசைக்கு வரும்போது நான் என்ன செய்து பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பிறகு எழுதிய வரி இது: "கடையில் வாங்கிய இரண்டு சாதனங்களில் ஒன்றின் கடவுச்சொல், மேக் முகவரி, வரிசை எண் மூன்றும் தெரிந்த ஒருவர், அவற்றிலிருந்து மற்றதன் கடவுச்சொல்லைக் கணக்கிட முடியக் கூடாது." இந்த வரியை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், ஆனால் சரியா தப்பா என்று அறிமுகமில்லாத ஒருவர் சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியும். முன்னது ஆசை, பின்னதுதான் விதி. உங்கள் ஆவணத்தில் நாற்பது ஆசைகளைவிடப் பன்னிரண்டு விதிகள் இருந்தால் எனக்குத் திருப்தி.

இந்தச் சண்டையெல்லாம் சின்னக் குழுக்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஆகஸ்ட் 1 முதல் வயர்லெஸ் சாதனங்களுக்குப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாகின. அதற்கென்று எழுதிய இஎன் 18031 தரத்தை ஐரோப்பிய ஆணையம் ஏற்றபோதே ஒரு நிபந்தனை போட்டது: பயனர் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டுவிடலாம் என்று உங்கள் சாதனம் இடம் கொடுத்தால், இந்தத் தரத்தைப் பின்பற்றினேன் என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. இத்தனை பேர் சேர்ந்து எழுதியதிலும் அந்த ஒரு சந்து விட்டுப்போயிருந்தது.

அப்டேட் என்ற வாக்குறுதி

தரம் எழுதும்போது மற்றவர்கள் குறியாக்க முறையைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள், அது பேசச் சுகமான விஷயம். உங்கள் நேரத்தை அப்டேட்டில் செலவிடுங்கள். எத்தனை வருடம் தருவீர்கள், ஓட்டை தெரிந்த எத்தனை நாளுக்குள் தருவீர்கள், பாதியில் மின்சாரம் போனால் சாதனம் செத்துவிடுமா, பழைய ஓட்டைப் பதிப்பை மறுபடி ஏற்றவிடாமல் தடுக்கிறதா. புளூடூத் பூட்டில் இருக்கும் சின்ன சிப்பில் பழையது, புதியது என்று இரண்டு பதிப்புகளையும் வைக்க இடம் போதாது என்று யாராவது சொல்வார்கள், அது பல நேரம் உண்மையும்கூட. அப்போது விதியைத் தளர்த்தாதீர்கள், அடுத்த மாடலுக்குச் சிப் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் பாருங்கள் என்று காலக்கெடு வைத்து எழுதுங்கள். சின்ன சாதனங்களுக்கான அப்டேட் அமைப்பை, இணையத்துக்கான தரங்களை எழுதும் ஐஇடிஎஃப் 2021லேயே ஆர்எஃப்சி 9019 என்ற ஆவணமாக எழுதிவைத்திருக்கிறது, அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாத நிரல். உங்கள் சாதனத்தில் பாதி, சிப் விற்றவர் கொடுத்த மென்பொருள்தான். 2020இல் வெளியான ஸ்வீன்டூத் ஓட்டைகள் ஏழு சிப் நிறுவனங்களின் புளூடூத் நிரலில் இருந்தன. அதே ஆண்டு ரிப்பிள்20 என்று பத்தொன்பது ஓட்டைகள் ட்ரெக் என்ற நிறுவனத்தின் நெட்வொர்க் நிரலில் வெளிவந்தபோது, தங்கள் பொருளுக்குள் அந்த நிரல் இருப்பதே தெரியாத நிறுவனங்கள் ஏராளம். ஆகவே உள்ளே இருக்கும் மென்பொருள் பாகங்களின் பட்டியல், பதிப்பு எண்ணோடு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கட்டாயம் என்று ஒரு விதி இருக்கட்டும். குழுவாகச் சேர்ந்ததன் நிஜமான லாபம் எனக்குத் தெரிந்து இங்கேதான்: தனியாக ஒரு சின்ன நிறுவனம் சிப் விற்பவரிடம் "ஐந்து வருடம் திருத்தம் தா" என்றால் சிரிப்பார். ஐந்து நிறுவனங்களுக்கும் பொதுவான ஆவணத்தில் அந்த வரி இருந்தால் கொஞ்சமாவது காதில் வாங்குவார்.

அந்த இலவசம்

பெரிய நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இலவசம்" என்ற சொல்லுக்கு எழுத்தில் என்ன பொருள் என்று கேட்காமல் ஒரு வரியையும் சேர்க்காதீர்கள். அந்த முறைமேல் காப்புரிமை இருக்கிறதா, விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா, தரத்தைப் பின்பற்றுகிற யாருக்கும் கட்டணமில்லாமல் காலமெல்லாம் உரிமம் தருவார்களா, நிறுவனம் கைமாறினாலும் அது செல்லுமா. 1990களில் கணினிகளுக்கான விஎல்-பஸ் தரம் எழுதியபோது, இதில் எங்களுக்குக் காப்புரிமை எதுவும் இல்லை என்று டெல் நிறுவனத்தின் பிரதிநிதி எழுதிக்கொடுத்தார். தரம் பரவிய பிறகு டெல் காப்புரிமையோடு வந்து நின்றது. அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு, 1996இல் முடிந்த உடன்பாட்டில் அந்த உரிமையை அங்கே செலுத்தக் கூடாது என்று ஆயிற்று. உங்களுக்கு அப்படித் தலையிட ஆள் கிடைப்பார் என்று நம்பி இருக்க முடியாது. குழு தொடங்கும் நாளிலேயே எல்லோரும், உங்கள் நிறுவனமும் சேர்த்து, காப்புரிமை உறுதிமொழியில் கையெழுத்திடட்டும். தயங்குகிறார்கள் என்றால் வேறு வழி இருக்கிறது. வீட்டுச் சாதனங்களுக்காக 2022இல் வந்த மேட்டர் தரத்தில், பெட்டியிலுள்ள குறியீட்டை வைத்து முதல்முறை இணைப்பதற்கு நன்கு ஆராய்ந்த முறை ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சான்றும் அதில் கட்டாயம். மூடிய அறையில் ஒருவர் செய்த முறையைவிட, வெளியாட்கள் பலர் உடைக்கப் பார்த்த முறையைத்தான் நான் நம்புவேன். டபிள்யூபிஏ2க்கு அடுத்த தரமான டபிள்யூபிஏ3 வந்த மறு வருடமே அதன் கைகுலுக்கலில் டிராகன்பிளட் ஓட்டைகள் வெளியானபோது, இதைத் திறந்தவெளியில் வைத்து அலசியிருக்கலாமே என்று கண்டுபிடித்தவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அப்புறம், போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்காருவதே சில நாடுகளின் சட்டப்படி மிகக் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். விலை, யாருக்கு விற்கிறோம், எவ்வளவு விற்கிறோம், எப்போது புது மாடல், இவை நான்கும் கூட்டத்தில் வரவே கூடாது, தேநீர் இடைவேளையிலும்கூட. "இந்தச் சிப்பைப் போட்டால் எல்லோருக்கும் செலவு கூடும், அதனால் எல்லோரும் விலையை..." என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, நிறுத்தியதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான் பொறியாளன், வக்கீல் அல்ல. இந்த ஒரு பகுதியை மட்டும் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

முத்திரை குத்தும் ஆசை

பெட்டிமேல் ஒட்ட ஒரு முத்திரை வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கிறதாம். கேட்கத்தான் செய்யும். தாங்களே எழுதி, தாங்களே சோதித்து, தாங்களே குத்திக்கொண்ட முத்திரையோடு விற்ற சாதனம் உடைபட்டால், "பாதுகாப்பானது என்று சொல்லி விற்றீர்களே" என்று வாங்கியவர் அதையே சாட்சியாகக் காட்டுவார். சிங்கப்பூர் 2020இல் தொடங்கிய முத்திரைத் திட்டத்தில் நான்கு நிலைகள் இருக்கின்றன, கீழ்நிலைகளில் நிறுவனத்தின் உறுதிமொழி போதும், மேல்நிலைகளுக்கு வெளிச் சோதனைக்கூடம் வேண்டும். ஆரம்பத்தில் உங்களுக்கு முத்திரையே வேண்டாம். "இந்த மாடல், இந்தப் பதிப்பு, இந்த விதிகளில் தேறியது, இன்ன தேதி வரை அப்டேட் உண்டு" என்று ஒரு பக்கம் போதும். தேறாத விதி இருந்தால் அதையும் அங்கேயே போடுங்கள். விற்பனைப் பிரிவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

மேலாளர் மடலையும் ஓரம்கட்டினால்? அவருக்கு மேலே இருப்பவருக்கு அதே மடல். ஐரோப்பாவுக்கு விற்கிறீர்கள் என்றால் ஒரு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி 2026 செப்டம்பர் 11 முதல், யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டை தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். 2027 டிசம்பர் 11 முதல் மற்ற கடமைகளும் வந்துவிடும், பெரிய மீறலுக்கு அபராதம் ஒன்றரைக் கோடி யூரோ வரை, அல்லது உலக வருவாயில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. பயமுறுத்த அல்ல, நிதிப் பிரிவுக்குப் புரிகிற மொழி இதுதான் என்பதால் சொல்கிறேன். உள்ளே எல்லாக் கதவும் மூடினால், வக்கீலைப் பார்த்த பிறகு, உங்கள் நாட்டு கணினி அவசர உதவிக் குழு வழியாகப் போகலாம். சமூக ஊடகத்தில் போட்டுவிடலாம் என்ற யோசனையைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி. சரிசெய்வதற்கு முன் வெளியானால் முதலில் அடி வாங்குவது அந்தக் கேமராவைத் தொட்டிலுக்கு மேல் மாட்டி வைத்திருப்பவர்.

தலைமை விஷயம். தலைவர் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, வரைவு எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் யார் பேசலாம் என்று முடிவு செய்வார், எழுதுகிறவர்தான் என்ன பேசியதாகப் பதிவாகிறது என்று முடிவு செய்வார். நடுநிலை வேடமும் போட வேண்டியதில்லை, "இதை எப்படிச் சோதிப்பது?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நிறுவனத்துக்குச் செலவே இல்லாத ஒரு வேலையையும் இந்த வாரமே முடித்துவிடலாம்: ஓட்டையைக் கண்டவர் எழுத ஒரு முகவரியை, ஆர்எஃப்சி 9116 சொல்கிற வடிவில், security.txt என்ற சிறு கோப்பாக உங்கள் இணையதளத்தில் போடுங்கள். அந்தக் கோப்பில் காலாவதித் தேதி கட்டாயம், அதனால் அந்த முகவரியை வருடம் ஒருமுறையாவது யாராவது திறந்து பார்ப்பார்கள்.

மூன்று வாரம் அதிகமில்லை. மேலாளருக்கான மடலை இன்றைக்கே எழுதுங்கள், பிரித்துப் பார்த்த இரண்டு கேமராக்களின் வரிசை எண்களையும் அதில் குறிப்பிட்டுவிடுங்கள். அந்த இரண்டையும் திரும்ப மூடி யாரும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல், உங்கள் மேசையிலேயே வைத்திருங்கள்.